விழுந்த மாடும் நின்ற மாடுகளும்: 2024 நவம்பர் வெள்ளத்தில் ஒரு தென்மராட்சிக் கிராமம்

இதை எழுதுகிறவன்

நான் கால்நடை வைத்தியர் அல்ல. மாடுகளுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் செய்து பிழைப்பவன். எங்கள் பக்கம் "சினை ஊசிக்காரத் தம்பி" என்றால் தெரியும். இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. எந்த வீட்டில் எத்தனை மாடு, எது எத்தனை மாதச் சினை, எது முட்டும் என்பதெல்லாம் என் கொப்பியில் இருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஊருக்குள் வெள்ளம் ஏறியபோது கால்நடைப் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு அந்தக் கொப்பிதான் காரணம், படிப்போ பதவியோ இல்லை.

முதல் இரண்டு நாளில் நாங்கள் எடுத்த முடிவுகளில் பாதி பிழை. பிழையாகப் போனதையும் சரியாக வந்ததையும் நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம்.

பின்னணி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியில் நீரேரிப் பக்கமாகச் சாய்ந்த தாழ்வான இடம் எங்களுடையது. யாழ்ப்பாணத்துக்கு ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் வலிகாமத்தில் மழைக்கு மட்டும் ஓடுவது. மற்ற இடங்களில் பெய்கிற மழை குளத்துக்கும் வெள்ளவாய்க்காலுக்கும் போய், அங்கிருந்து கடலுக்கோ நீரேரிக்கோ போக வேண்டும். வாய்க்காலை மண்ணும் பிளாஸ்டிக்கும் மதிலும் அடைத்துவிட்டால் வெள்ளம் முற்றத்தில்தான் நிற்கும். வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும் என்பதால், நனைவது எங்களுக்குப் புதிதல்ல. 2008இல் நிஷா புயல், 2020இல் புரெவி என்று வயதானவர்கள் வெள்ளத்தைப் பெயர் சொல்லித்தான் எண்ணுவார்கள்.

நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டியது இந்த இரண்டையும் அல்ல, 2022 டிசம்பரை. மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்றபோது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாளில் செத்து விழுந்தன. பல இடங்களில் வெள்ளமே இல்லை. மழைத்தூறலும் விடாத காற்றும் மட்டும்தான். ஏதோ தொற்று நோய் என்று சனம் பயந்தது. குளிர்தான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. வெயிலுக்குப் பழகிய மாடு தோல்வரை நனைந்து, வெறும் வயிற்றோடு காற்றில் நின்றால் போதும். மயிர் நனைந்த மாட்டுக்கு 15 பாகை செல்சியஸிலேயே குளிர் தாக்கத் தொடங்கும் என்பது குளிர்நாட்டு மாடுகளுக்கான கணக்கு. எலும்பு தெரிகிற எங்கள் கன்றுக்கு அதற்கு முன்னமே தொடங்கிவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் வெள்ளம் வந்தபோது கண் தண்ணீரை மட்டுமே பார்த்தது. காற்றை மறந்துவிட்டேன்.

அன்றைய கொப்பிக் கணக்கு: இரண்டு ஒழுங்கைகளில் 43 வீடு, 34 மாடு. அதில் 11 கறவை, ஆறு நிறைசினை, எட்டுக் கன்று. ஆடு எழுபதுக்குக் கிட்ட. கோழியும் நாயும் எண்ணவில்லை. சொந்தக்காரர் இல்லாமல் திரிகிற கட்டாக்காலி மாடுகளும் கணக்கில் இல்லை; அவற்றுக்கு என்னைக் கூப்பிடுகிற ஆளே கிடையாது.

நவம்பர் 26, செவ்வாய் இரவு

பின்னால் ஃபெங்கல் என்று பெயர் வைக்கப்பட்ட அந்தத் தாழமுக்கம் கிழக்குக் கரையை ஒட்டி மெதுவாக வடக்கே வந்துகொண்டிருந்தது. திங்களன்று க.பொ.த. உயர்தரப் பரீட்சை தொடங்கியிருந்தது. பாடசாலை பரீட்சை நிலையம் என்பதால் சனத்தைப் பொதுநோக்கு மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள். இரவு எட்டு மணிக்குள் தாழ்ந்த ஒழுங்கையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

மாடுகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: அவிழ்த்து விடுவது. கோயில் ஒலிபெருக்கியில் அதைத்தான் சொல்லச் சொன்னேன். மாட்டுக்கு நீந்தத் தெரியும், மேட்டைத் தேடிப் போகவும் தெரியும். கழுத்துக் கயிற்றோடு நிற்கிற மாட்டுக்கு இரண்டாலும் பயனில்லை.

பாதிப் பேர் அவிழ்த்தார்கள். மீதிப் பேர் அவிழ்க்காததற்கு அவர்களிடம் நியாயமான காரணம் இருந்தது. அந்த வருடம் மட்டும் எங்கள் பக்கம் எத்தனை ஆடு களவு போனது என்று எல்லோருக்கும் தெரியும். அவிழ்த்த மாடு அடுத்தவன் தோட்டத்தில் இறங்கினால் வெள்ளம் வற்றினாலும் சண்டை வற்றாது. நாலு வீட்டில் ஆட்டுக் கொட்டிலைப் பூட்டிவிட்டே மண்டபத்துக்குப் போயிருந்தார்கள்.

எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் மண்டபத்துக்கே வர மறுத்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு நாட்டுப் பசு. கிராம அலுவலரான விதானையார் போய்ச் சொன்னார், நான் போய்ச் சொன்னேன். அவர் மாட்டோடு திண்ணையில் ஏறி நின்றுகொண்டு, "நீங்கள் போங்கோ தம்பி. இவளை விட்டிட்டு நான் எங்கயும் வரமாட்டன். தண்ணி வந்தால் ரெண்டு பேருக்கும் வரட்டும்" என்றார். மண்டபத்தில் மாட்டுக்கு இடமில்லை என்று நான் சொன்ன பதில் உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் அது பதிலே இல்லை. கடைசியில் இரண்டு பெடியள் அவரோடு விடியும்வரை திண்ணையில் இருந்தார்கள். 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது வளர்ப்புப் பிராணிகளை விட்டு வர மாட்டோம் என்று வீட்டிலேயே நின்ற சனத்தைப் பார்த்துத்தான், அடுத்த வருடம் அமெரிக்காவில் இடம்பெயர்வுத் திட்டங்களில் அவற்றையும் சேர்க்கச் சட்டம் போட்டார்கள். எங்களுக்குச் சட்டம் வேண்டியிருக்கவில்லை. கூரையுள்ள ஓர் இடம் இருந்தால் போதும். அதை முன்கூட்டி யோசிக்காமல் விட்டோம்.

அந்த இரவில் செத்தவை: கயிறு காலில் சுற்றி விழுந்த ஒரு கிழட்டுப் பசு, பூட்டிய கொட்டிலில் நாலு ஆடு.

நவம்பர் 27, புதன்: பிழையாகிப் போன காலை

விடிந்ததும் ஒருவர் ஓடி வந்தார். அவருடைய ஜேர்சிக் கலப்பு மாடு கொட்டிலுக்குள் விழுந்துவிட்டது. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் கறக்கிற மாடு, அந்த வீட்டின் சீவியமே அதுதான். நான் போனபோது விலா முட்டத் தண்ணீரில் பக்கவாட்டில் கிடந்தது. தலையை மட்டும் வீட்டுக்காரி மடியில் தூக்கி வைத்திருந்தார்.

ஏழு மணிக்கு ஆறு பேர் அந்த மாட்டோடு மல்லுக்கட்டத் தொடங்கினோம். உரப்பைகளை வயிற்றுக்குக் கீழே நுழைத்து, கயிறு போட்டு, கதவுப் பலகையைச் சறுக்காக்கி இழுத்தோம். நடுவில் பலகை உடைந்தது, வேறு பலகை தேடினோம். மேட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கப் பதினொரு மணியாகிவிட்டது. கையில் இருந்த நல்ல தறப்பாள் ஒன்றையும், உலர்ந்த சாக்கில் பாதியையும் அதற்குப் போட்டோம். இரவு ஒன்பதரைக்கு அது செத்தது. இரவு முழுக்க ஒரே பக்கமாகக் கிடந்திருக்கிறது. இவ்வளவு எடையுள்ள மாடு ஆறேழு மணித்தியாலம் அப்படிக் கிடந்தாலே கீழ்ப்பக்கத் தசையும் நரம்பும் நசுங்கிவிடும். இழுத்து எடுத்தாலும் எழும்பாது. எனக்கு இது தெரியாத விஷயமல்ல. ஆனால் அந்த வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு "விடுங்கோ அக்கா" என்று சொல்ல வாய் வரவில்லை.

அதே நேரம், இருநூறு மீற்றர் தள்ளிக் குளக்கட்டில், இரவு அவிழ்த்துவிட்ட மாடுகளும் ஆடுகளும் ஏறி நின்றன. தண்ணீருக்குத் தப்பிய மாடுகள்தான். யாரும் பயப்படவில்லை, "அதுகள் மேட்டில நிக்குது" என்று விட்டுவிட்டோம். வடகிழக்கிலிருந்து வருகிற காற்றுக்கு அந்தக் குளக்கட்டில் ஒரு பூவரசு கூட மறைப்பில்லை.

பதினொன்றரைக்கு நான் அங்கே போனேன். பெரிய மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி, வாலை இடுக்கிக்கொண்டு ஒட்டி நின்றன. கன்றுகள் வெளிப்பக்கம். ஒன்றரை மாத நாம்பன் கன்று ஒன்று நாலு காலையும் அகட்டி நின்றது, நடுக்கம்கூட இல்லை. வாய்க்குள் விரலை விட்டேன். கன்று என்றால் விரலைச் சூப்ப வேண்டும். இது சூப்பவில்லை. நாக்கு, கிணற்றுக்குள் விட்ட வாளிக் கயிறு மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. வெப்பமானி 36 பாகைக்கும் கீழே காட்டியது. மாட்டின் சாதாரண உடல் வெப்பம் 38.5 அளவில் இருக்கும். நடுங்குகிற கன்றுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது, நடுக்கம் நின்ற கன்றுக்கு நேரமில்லை. அதை நான் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன், வழியிலேயே கழுத்துத் தொங்கிவிட்டது. அன்று பகல் அந்தக் கட்டில் இரண்டு கன்றும் ஐந்து ஆட்டுக்குட்டியும் போயின.

ஒரு மாட்டுக்கு ஆறு பேர் நாலு மணித்தியாலம். குளக்கட்டில் நின்ற இருபதுக்கும் மேற்பட்ட மாடுகளுக்கு அந்த நேரத்தில் ஒருவர்கூட இல்லை.

முறையை மாற்றியது

பன்னிரண்டு மணிக்குத்தான் கால்நடை வைத்தியரைத் தொலைபேசியில் பிடிக்க முடிந்தது. அவரும் வேறு ஒரு பக்கம் வெள்ளத்துக்குள் நின்றார். நான் ஜேர்சி மாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்க, அவர் இடைமறித்துக் கேட்டது: "நிக்கிற மாடு எத்தினை?" எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. "முதல் அதை எண்ணும். விழுந்ததைப் பிறகு பாப்பம்" என்றார்.

எண்ணிய பிறகு மூன்று விதமாகப் பிரித்தோம். நனைந்து நிற்கிற கன்று, குட்டி, நிறைசினை, கறவை இவைதான் முதல். அடுத்தது நிற்கிற மற்றவை. விழுந்து கிடப்பவற்றில் நெஞ்சை ஊன்றித் தலையை நிமிர்த்திக் கிடப்பதற்கு இரண்டு பேரை விடலாம். பக்கவாட்டில் நீட்டிக் கிடப்பதற்கு வீட்டுக்காரர் மட்டும் நிற்கட்டும், மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடச் சொல்லுங்கள் என்றார் வைத்தியர். ஊரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "சாகிறதை விட்டிட்டு நல்லா நிக்கிறதைப் பாக்கிறியள்" என்று ஒரு ஐயா மண்டப வாசலில் எல்லோரும் கேட்கச் சத்தம் போட்டார். அவருக்கு விளக்கம் சொல்ல அப்போது நேரமில்லை. பிறகும் நான் சரியாகச் சொல்லவில்லை.

இடம் கிடைத்தது எதிர்பாராத பக்கத்தால். அன்று முதல் மூன்று நாளுக்குப் பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். பாடசாலை வளவு ஊரிலேயே மேடு. அங்கே தகரம் போட்ட நீளமான சைக்கிள் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதிபரிடம் போனோம். தயங்கினார். பரீட்சை திரும்பத் தொடங்கும்போது சாணியின் மணம்கூட இருக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு திறந்துவிட்டார். வடகிழக்குப் பக்கத்துக்குக் கிடுகும் தறப்பாளும் கட்டினோம். பெரிய மாடு மழையில் நனைந்தால்கூட அவ்வளவு பாதகமில்லை, காற்றைத் தடுத்தால் தாங்கும். ஆகவே கூரைக்குக் கீழே கன்றும் ஆடும், காற்று மறைப்புக்குப் பின்னால் பெரியவை.

கன்றுகளைச் சாக்கால் தேய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள் ஆளுக்கொரு கன்றைப் பிடித்துக்கொண்டு தோலே உரிந்துவிடும்போலத் தேய்த்தார்கள். அந்த மூன்று நாளில் ஊரில் யாருமே சிரித்தது அந்தக் கொட்டகைக்குள் மட்டும்தான்.

தீனி: வைக்கலும் சோறும்

வைத்தியர் சொன்ன இரண்டாவது விஷயம் வைக்கல். ஊசி, மருந்து, சத்துமா எதுவும் அன்று முக்கியமில்லை. மாட்டின் பெருவயிற்றுக்குள் நார்த்தீனி புளித்துச் செமிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. மாட்டுக்கு உள்ளே எரிகிற அடுப்பு அது. வைக்கல்தான் அதன் விறகு.

ஆனால் நவம்பரில் யாரிடம் வைக்கல் இருக்கும்? காலபோக நெல் வயலில் இளம்பயிராகத் தண்ணீருக்குள் நிற்கிறது. போன அறுவடையின் வைக்கற்போரில் மிச்சமிருந்ததும் அடியில் ஊறிவிட்டது. மேல்ப்பக்கத்தை மட்டும் பிரித்தெடுத்தோம். பூஞ்சணம் பிடித்ததைப் போடாமல் விட்டதற்கு இரண்டு வீட்டில் பேச்சு வாங்கினேன். மிச்சத்துக்குப் பனையோலை. எங்கள் பேரர் காலத்தில் பனையோலையைக் கிழித்துத்தான் மாட்டுக்குப் போட்டார்கள். இப்போது கிழிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் மூன்று பேர், மூவருக்கும் அறுபதுக்கு மேல். அவர்களை உட்கார்த்திக் கிழிக்கச் சொல்லி, பெடியள் ஓலை வெட்டி வந்தார்கள். ஆடுகளுக்கு வேலியில் பூவரசும் சீமைக்கிளுவையும் இருந்ததால் கவலை இல்லை.

28ஆம் திகதி மண்டபத்தில் சமைத்த சோறு கொஞ்சம் மிஞ்சியது. யாரோ ஒருவர், நல்ல மனத்தோடு, இரண்டு பெரிய சட்டி சோற்றைக் கொண்டுவந்து ஒரு நிறைசினை மாட்டுக்கு வைத்துவிட்டார். கலியாண வீட்டுச் சோறும் பொங்கலும் மாட்டுக்கு வைத்துப் பழகிய ஊர். யாருக்கும் பிழையாகத் தெரியவில்லை. பட்டினி கிடந்த மாடு முழுவதையும் விழுங்கியது. மாலைக்குள் இடப்பக்க விலா உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, புளித்த மணத்தோடு தண்ணியாய்க் கழியத் தொடங்கியது. வெறும் வயிற்றில் மாச்சத்து திடீரென்று போனால் பெருவயிறு அமிலமாகிவிடும். வெள்ளத்தில் தப்பிய மாட்டைச் சோறு கொன்றுவிடும். வைத்தியர் சொன்ன அளவில் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கி, இரவு முழுக்க மெதுவாக நடத்தினோம். பிழைத்தது. ஆனால் கன்று தங்கவில்லை.

அன்றிரவு ஒரு விதி போட்டோம்: மண்டபத்துச் சோறு நாய்க்கு, மாட்டுக்கு ஒரு பருக்கையும் இல்லை. இது இன்னொரு சிக்கலையும் அவிழ்த்தது. பசியில் திரண்ட நாய்கள் அதற்கு முதல் நாள் கொட்டகையில் குட்டிகளைத் துரத்தியிருந்தன. ஒரு பிள்ளையைக் கடித்தும் இருந்தது. விசர்நாய்க்கடித் தடுப்பூசிக்காகத் தண்ணீருக்குள்ளால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. மண்டபத்துக்குப் பின்னால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சோறு வைக்கத் தொடங்கியதும் நாய்கள் அங்கேயே படுத்துவிட்டன.

நாய்களை மீட்க வந்த பட்டணத்து இளைஞர்கள் குழு ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கியபோது, மாடு சாகிற இடத்தில் நாய் பிஸ்கட்டா என்று எனக்குக் கோபம்தான் வந்தது, வாய்விட்டும் சொன்னேன். பிறகு பார்த்தால் எங்கள் எல்லோரிலும் முழங்கால் உயர றப்பர் சப்பாத்துப் போட்டிருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். அது ஏன் முக்கியம் என்று இரண்டு கிழமை கழித்து எனக்கு விளங்கியது.

கட்டாக்காலிகள்

வெள்ளத்தில் உலர்ந்து கிடந்த ஒரே நிலம் ஏ9 வீதி. கட்டாக்காலி மாடுகள் பத்துப் பன்னிரண்டு இரவில் அங்கே போய்ப் படுத்தன. 28 இரவு லொறி ஒன்று மோதி ஒன்றின் பின்கால் முறிந்தது. வைக்கல் பங்கில் இவற்றுக்கு இடமுண்டா என்று கொட்டகையில் விவாதம் நடந்தது. ஆளில்லாத மாட்டுக்கு ஊர் வைக்கலா என்றார்கள். நான் முடிவெடுக்கவில்லை, நழுவினேன். பனையோலைக் கழிவை வீதியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு காணியில் போடச் சொன்னேன். பாதி மாடுகள் அங்கே வந்தன. கால் முறிந்த மாட்டை இரண்டு நாள் கழித்து வைத்தியர் வந்து பார்த்து, வேதனையில்லாமல் முடித்து வைத்தார். அந்த இரண்டு நாளும் அது வீதியோரம்தான் கிடந்தது.

தண்ணீரும் கறவையும்

கிணறுகள் மூழ்கிவிட்டன. மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே தண்ணீர். பவுசர் வண்டியில் வந்த தண்ணீர் மனிதருக்கு. கறவை மாடு ஒன்று நாளுக்கு நாற்பது, ஐம்பது லீற்றர் குடிக்கும் என்று நான் சொன்னபோது பவுசர்க்காரர் சிரித்தார். பாடசாலைக் கூரையிலிருந்து விழும் பீலித் தண்ணீரைப் பீப்பாய்களில் பிடித்துச் சமாளித்தோம்.

பால் எடுக்க ஒருவரும் வரவில்லை. வாங்க ஆளில்லாத பாலை ஏன் கறப்பது என்று சிலர் விட்டுவிட்டார்கள். அந்த மாடுகளில் மூன்றுக்கு மடிநோய் வந்தது. நேரத்துக்குக் கறந்து மண்டபத்துக் குழந்தைகளுக்குக் காய்ச்சிக் கொடுத்த வீட்டு மாடுகளில் ஒன்றுக்குத்தான் வந்தது.

புதைத்தல்

தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் இதுதான் பெரிய தலையிடி. குடாநாட்டுக்குக் கீழே சுண்ணக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்த கல். ஒரு வளவில் புதைத்தது பக்கத்து வளவுக் கிணற்றுக்குள் வரலாம். இரண்டடி தோண்டினாலே தண்ணீர். பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு போய், கிணறுகளுக்கு எட்டத்தில் ஒரு மணல் மேட்டைப் பார்த்து, 30ஆம் திகதி பெக்கோ இயந்திரம் பிடித்து ஒரே கிடங்காக வெட்டினோம். அதுவரை உடல்களைத் தறப்பாளால் மூடி வைத்தோம். மணம் தாங்க முடியவில்லை.

தாங்காமல் இரண்டு வீட்டுக்காரர் முதலே தங்கள் வளவுக்குள் புதைத்துவிட்டார்கள். இழப்பீட்டுக்கு விவரம் பதிய வந்தபோது அவர்களிடம் படமும் இல்லை, காதுத் தகட்டு இலக்கமும் இல்லை. பதிவு இல்லாத மாடு காகிதத்தில் செத்ததாகக் கணக்கில்லை. என் கொப்பியைக் காட்டினேன். அது அரச பதிவு அல்ல என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது சரி. ஆனால் அந்த மாடு இருந்ததற்கு ஊரில் இருந்த ஒரே எழுத்துச் சாட்சி அதுதான்.

பிறகு நடந்தவை

டிசம்பர் 4 பரீட்சை திரும்பத் தொடங்குவதற்கு முதல் நாள் கொட்டகையைக் கழுவி, மஞ்சள் தண்ணீரும் தெளித்துக் கொடுத்தோம். அதிபர் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த நாட்களில் ஒரு கன்று கழிச்சலிலும் இரண்டு ஆடு சளியிலும் செத்தன. குளம்பழுகல் பல மாடுகளுக்கு. சோறு தின்ற மாட்டைத் தவிர இன்னொரு மாட்டுக்கும் சினை கலைந்தது. ஆக ஐந்து மாடு, அவற்றில் மூன்று கன்று, பதினொரு ஆடு. கோழிக் கணக்கு யாரும் சொல்லவில்லை. இந்த ஐந்தோடு அந்தக் கட்டாக்காலி சேரவில்லை. மொத்தம் எழுதும்போதுதான் அது எனக்கே உறைத்தது.

டிசம்பர் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் பரவியது. ஆட்கள் இறந்தார்கள். முதலில் மர்மக் காய்ச்சல் என்றார்கள். பிறகு எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீரில் மட்டுமல்ல, மாடு, நாயின் சிறுநீரிலும் அந்தக் கிருமி வரும். வெள்ளத்தில் கலந்து காலில் உள்ள சிறு காயத்துக்குள்ளால் ஏறும். நாங்கள் ஐந்து நாள் சாணியும் மூத்திரமும் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்றவர்கள், உடல்களைக் கையால் தூக்கியவர்கள். எங்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஒருவர் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து தேறினார். சுகாதாரப் பணிமனையிலிருந்து கொடுத்த டொக்ஸிசைக்ளினை மற்றவர்கள் விழுங்கினோம். அந்த மாத்திரை தண்ணீரில் இறங்குமுன் விழுங்க வேண்டியது. பட்டணத்துப் பெடியளின் சப்பாத்தை அப்போதுதான் நினைத்தேன்.

மாற்றியவையும் மாறாதவையும்

பெரிதாக ஒன்றும் இல்லை. கயிற்றை இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடப் பழக்கியிருக்கிறோம், பாதி வீடுகள் போடுகின்றன. வைக்கலில் ஒரு பங்கை மரச்சட்டத்தின் மேல் தறப்பாளால் மூடி வைக்க மூன்று வீடு ஒத்துக்கொண்டது. ஒவ்வொரு மாட்டையும் வீட்டுக்காரரோடு நிறுத்தி, காதுத் தகடு தெரியப் படம் எடுத்து என் தொலைபேசியிலும் விதானையாரிடமும் வைத்தாயிற்று. ஆறு சோடி றப்பர் சப்பாத்து சனசமூக நிலையத்தில் இருக்கிறது. அதில் இரண்டு சோடி ஏற்கெனவே யாருடைய தோட்டத்துக்கோ போய்விட்டது.

சைக்கிள் கொட்டகை விஷயம் எழுத்தில் இல்லை. அதிபர் மாறினால் திரும்பவும் போய்க் கேட்க வேண்டும். ஆட்டுக் கொட்டில் பூட்டு அப்படியே இருக்கிறது. களவு நிற்காமல் பூட்டைத் திறக்கச் சொல்ல எனக்கு வாயில்லை. விழுந்த மாட்டைக் கைவிடச் சொல்லும் விஷயத்தில், அடுத்த முறை அதைச் சொல்வது அந்த வீட்டோடு பழக்கமில்லாத ஒருவராக இருக்கட்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். என்னால் முடியாது.

இந்த முறை மழைக்கு முன் வீடு வீடாகப் போய் யாருடைய மாடு எங்கே போகும் என்று எழுதினேன். திண்ணையில் நின்ற அம்மாவின் வீட்டுக்கும் போனேன். முடிச்சைக் காட்டினேன். இழுத்துப் பார்த்தார், அவிழ்ந்தது, திரும்பக் கட்டினார்.

"அவிழ்த்து விடுறது இருக்கட்டும் தம்பி. சைக்கிள் கொட்டகைக்கு எண்டால் கூட்டிக்கொண்டு வாறன். ஆனால் கயித்தின்ரை மற்றத் தலைப்பு என்ரை கையிலதான் இருக்கும். நான் மண்டபத்தில படுக்கமாட்டன்."

கொப்பியில் அவர் வீட்டுக்கு நேரே "கொட்டகை: மாடு 1, ஆள் 1" என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு சாக்குக் கட்டிலும் எடுத்து வைக்க வேண்டும்.